கல்லும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம், சாட்சி சொல்வோம்!

(காரைக்குடியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...

கண்ணியத்திற்குரிய உலமாப் பெருமக்களே, ஜமாஅத் பெரியவர்களே, புதுவயலிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் இளையான்குடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற இளைஞர்களே, தடுப்புக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிற பிற சமயச் சகோதரர்களே, பாதுகாப்புப் பணிக்காகக் கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிற காவல்துறை நண்பர்களே!  

காவல்துறை நண்பர்களையும் சேர்த்தே அழைத்தேன். காரணம் இருக்கிறது. இன்று நான் பேசப்போவது அவர்களுடைய லத்தியைப் பற்றி. அவர்கள் முகத்துக்கு நேரே பேசுவதுதான் நியாயம்.

மடப்புரம் நமக்கு அந்நியமா?

நம் சிவகங்கை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், வைகைக் கரையில் திருப்புவனம் இருக்கிறது. அதையடுத்து மடப்புரம். அங்கே பத்திரகாளியம்மன் கோயில். அந்தக் கோயிலில் காவலாளியாக வேலை பார்த்தவர் அஜித்குமார். முப்பது வயதைத் தொடாத இளைஞர். 2025 ஜூன் 27ஆம் தேதி கோயிலுக்கு வந்த ஒரு பெண்மணி, காரில் வைத்திருந்த ஏறக்குறைய பத்து சவரன் நகையைக் காணவில்லை என்றார். காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை அஜித்குமாரிடம் கொடுத்திருந்தாராம். அதுதான் சந்தேகத்துக்குக் காரணம். விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். சீருடை அணியாத சிறப்புப் படை வந்தது. மறுநாள், ஜூன் 28ஆம் தேதி, அந்த இளைஞர் பிணமானார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தபோது அந்த உடலில் 44 காயங்கள் எண்ணப்பட்டிருந்தன. நாற்பத்து நான்கு, சகோதரர்களே! அரசே தன் குடிமகனைக் கொன்றிருக்கிறது என்று நீதிபதிகள் வேதனைப்பட்டார்கள். முறையாக வழக்குப் பதியாமல் சிறப்புப் படையை இறக்கியது யார் என்று கேட்டார்கள்.

"பாய், அது கோயில் காவலாளி விவகாரம். அதற்கு ஏன் நம் சமுதாய மேடை?" என்று இங்கே வரும் வழியில் ஒருவர் கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அவருக்கான பதிலை 1400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சம்பவத்திலிருந்து சொல்கிறேன்.

ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் பதிவான நிகழ்ச்சி இது. ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) என்ற நபித்தோழர் ஷாம் தேசத்தில் நடந்து போகிறார். வழியில் சில குடியானவர்களைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். "என்ன குற்றம்?" என்று கேட்கிறார். வரி பாக்கி என்கிறார்கள். அவர் என்ன செய்தார்? நமக்கென்ன என்று போனாரா? காவலர்கள் மீது கல்லெறிந்தாரா? இரண்டும் இல்லை. இவ்வுலகில் மனிதர்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததைத் தம் காதால் கேட்டதாக அங்கேயே சாட்சி சொன்னார். நேரே ஆளுநரிடம் போனார். அவரிடமும் அதையே சொன்னார். ஆளுநர் அந்தக் குடியானவர்களை விடுவிக்க உத்தரவிட்டார்.

பார்த்தார், கேட்டார், சாட்சி சொன்னார், அதிகாரத்தில் இருப்பவரிடம் கொண்டு போனார், விடுதலை வாங்கினார். வதைக்கப்பட்டவர் எந்த மார்க்கம் என்று அவர் கேட்கவில்லை. அந்த நபித்தோழர் ஷாமில் செய்ததை மடப்புரத்துக்காக நாம் செய்ய வேண்டாமா? இதுதான் என் உரையின் சாரம். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான விளக்கம்.

துரத்திப் பிடிக்கிற வீரம்

காவல் நிலையத்துக்குள் நடப்பது ஒரு பக்கம். சாலையில் நடப்பது இன்னொரு பக்கம்.

2018 மார்ச் 7ஆம் தேதி. தஞ்சாவூரிலிருந்து திருச்சி நோக்கிக் கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். துவாக்குடி அருகே வாகனச் சோதனை. கணவர் ஹெல்மெட் போடவில்லை. நிற்காமல் போய்விட்டார் என்று ஒரு இன்ஸ்பெக்டர் வண்டியில் விரட்டிப் போய், ஓடுகிற மோட்டார் சைக்கிளை எட்டி உதைக்கிறார். இருவரும் விழுகிறார்கள். அந்தப் பெண் இறந்து போகிறார். அன்றைக்கு ஹெல்மெட் போடாததற்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 100 ரூபாய்! நூறு ரூபாய் அபராதத்தை வசூலிக்க ஒரு உயிர்!

2021 ஜூன் 22. சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. கொரோனா ஊரடங்கு நேரம். குடித்துவிட்டு வந்த முருகேசன் என்ற வியாபாரியை ஒரு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் நடுச்சாலையில் லத்தியால் அடிக்கிறார். உடன் வந்தவர்கள் கெஞ்சுகிறார்கள். அடி நிற்கவில்லை. முருகேசன் இறந்தார். குடித்தது தவறு, நம் மார்க்கத்தில் பெரும் பாவம். ஆனால் அதற்கு நடுச்சாலையில் மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தை அந்த அதிகாரிக்கு யார் கொடுத்தது?

2022 ஏப்ரல் 18. சென்னை கெல்லீஸ் பகுதியில் இரவு வாகனச் சோதனை. விக்னேஷ் என்ற இளைஞர் போன ஆட்டோவை நிறுத்துகிறார்கள். அவர் ஓடுகிறார், துரத்திப் பிடிக்கிறார்கள். மறுநாள் காலை பிணம். உடலில் 13 காயங்கள்.

ஓடுகிறவனைத் துரத்துவதற்குச் சட்டம் அனுமதிக்கிறதா என்றால், அனுமதிக்கிறது. ஆனால் எல்லை போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 43ஆவது பிரிவு, கைதாக மறுப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் கையாளலாம் என்கிறது. அதே பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இது தரவில்லை என்றும் சொல்கிறது. 46ஆவது பிரிவு இன்னும் தெளிவு: தப்பி ஓடாமல் தடுக்க எவ்வளவு தேவையோ, அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. இது புதிதாக வந்த சலுகை இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46, 49 என்ற எண்களில் இருந்ததுதான்.

அமெரிக்காவில் 1974இல் மெம்பிஸ் நகரத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன், ஆயுதம் எதுவும் இல்லாதவன், திருட்டுப் புகாரில் வேலி தாண்டி ஓடும்போது போலீஸ் சுட்டுக் கொன்றது. அவனிடம் இருந்தது பத்து டாலர். அந்த நாட்டு உச்சநீதிமன்றம் 1985இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓடுகிறான் என்பதற்காக மட்டும், பிறர் உயிருக்கு ஆபத்தில்லாத ஒருவனைச் சுடக் கூடாது. அவன் தப்பிப் போனால் போகட்டும், பிறகு பிடிக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அந்த நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொள்கை சரியானது. வண்டியில் நம்பர் பிளேட் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கேமரா வைத்த போன் இருக்கிறது. நம்பரைக் குறித்து வீட்டுக்கே அபராதச் சீட்டு அனுப்பும் காலம் இது. பிறகு எதற்காக ஓடுகிற வண்டியை உதைக்க வேண்டும்?

அடிப்பது ஏன்?

"போலீஸ் அடிக்காமல் எப்படி உண்மை வரும்?" என்று நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் சொல்லும் பதில் இது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவாக இருந்தது. இன்றைய சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவாக இருக்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் குப்பைக் காகிதம்.

அப்படியென்றால் ஏன் அடிக்கிறார்கள்? அதே சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. பிடிபட்டவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் செல்லும். ஆகவே நகையை எடுக்க வேண்டும். "இன்று ராத்திரிக்குள் நகை வந்தாக வேண்டும்" என்று மேலே இருந்து நெருக்கடி. வார விடுமுறை கூட ஒழுங்காகக் கிடைக்காத, தூக்கம் கெட்ட காவலர்கள். துப்பறியப் பொறுமை இல்லை. கையில் இருப்பது பைப்பும் லத்தியும். அடி தாங்காதவன், அங்கே இருக்கிறது, இங்கே இருக்கிறது என்று ஏதோ ஓர் இடத்தைச் சொல்கிறான். அங்கே தோண்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஏமாற்றுகிறாயா என்று இன்னும் அடி. எடுக்காத நகையை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? இப்படித்தான் விசாரணை கொலையாகிறது.

கொலையான பிறகு எழுதப்படும் கதையும் ஒரே மாதிரிதான். அஜித்குமார் தப்பி ஓட முயன்று விழுந்தார், வலிப்பு வந்தது என்று எழுதினார்கள். விக்னேஷுக்கும் வலிப்பு என்றார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் தாங்களே தரையில் புரண்டு காயப்படுத்திக் கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதினார்கள். ஊர் வேறு, ஆள் வேறு, ஆட்சி வேறு. கதை மட்டும் மாறுவதில்லை.

நம் கைகள் சுத்தமா?

இனி நான் பேசப்போவது உங்களுக்கும் எனக்கும் கசக்கும்.

ரவுடி என்று சொல்லப்படும் ஒருவனைப் பிடிக்கிறார்கள். மறுநாள் கையில் மாவுக்கட்டோடு போட்டோ வருகிறது. கழிப்பறையில் வழுக்கி விழுந்தானாம். போட்டோவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நண்பர்களுக்கு அனுப்புகிறோம். "போலீஸுக்கு ஒரு சல்யூட்" என்று எழுதுகிறோம். எல்லாக் காவல் நிலையத்திலும் ஒரே இடத்தில் எப்படி வழுக்கும் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

2019 டிசம்பர் 6ஆம் தேதி ஹைதராபாத் அருகே, ஒரு கொடூரமான பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடினார்கள் என்று சொல்லப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும். மக்கள் காவலர்கள் மீது பூத் தூவினார்கள். ஆனால் உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது அறிக்கை. தூவிய பூக்களைத் திரும்பப் பொறுக்க முடியுமா?

கைதட்டல் போலீஸுக்கு ஒரு பாடம் நடத்துகிறது, சகோதரர்களே. ஆளைப் பார்த்து அடித்தால் ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்பதே அந்தப் பாடம். ரவுடியின் கையை உடைத்துப் பழகிய லத்திதான் ஒரு நாள் கோயில் காவலாளியின் முதுகுக்கு வந்தது. நாளைக்குத் தராவீஹ் தொழுகை முடித்து இரவில் வீடு திரும்பும் உன் மகன் முதுகுக்கும் வரும். அப்போது நீ அழுதால், நேற்று நீ சிரித்ததை யாராவது நினைவுபடுத்துவார்கள்.

கைதட்டல் ஒரு தவறு என்றால் கல்லெறிவது இன்னொரு தவறு. இதில் நம் சமுதாயத்துக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது.

2015 ஜூன் மாதம். ஆம்பூரைச் சேர்ந்த ஷமீல் அஹ்மத் என்ற இளைஞரை, காணாமல் போன ஒரு பெண் பற்றிய வழக்கில் பள்ளிகொண்டா போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். விசாரணைக்குப் பின் உடல்நிலை மோசமாகி ஜூன் 26ஆம் தேதி இறந்து போனார். வதைத்ததால்தான் இறந்தார் என்று குடும்பத்தார் கதறினார்கள். நியாயமான கோபம். ஊரே துடித்தது. ஆனால் மறுநாள் இரவு என்ன நடந்தது? பஸ்கள் நொறுங்கின, வண்டிகள் எரிந்தன, காவலர்கள் பலர் இரத்தக் காயம் அடைந்தார்கள். பெண் காவலர்களும் தாக்கப்பட்டார்கள். அன்று இரவு வரை நாடு கேட்ட கேள்வி, ஷமீலை யார் கொன்றது என்பது. விடிந்த பிறகு கேட்ட கேள்வி, ஆம்பூரை யார் எரித்தது என்பது. நம் பிள்ளைகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கலவர வழக்குகளில் சிக்கினார்கள். பத்து ஆண்டுகள் வாய்தா வாய்தா என்று அலைந்து, 2025 ஆகஸ்ட்டில்தான் திருப்பத்தூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பெரும்பாலோர் விடுதலை. இருபது பேருக்கு மேல் தண்டனை. விடுதலையானவர்களுக்கு அந்தப் பத்து வருஷத்தை யார் திருப்பித் தருவது? வெளிநாட்டு வேலை போச்சு, பாஸ்போர்ட் போச்சு, பெண் கொடுக்க ஆள் இல்லாமல் போச்சு. ஷமீலின் சாவு அந்தக் காகிதக் குவியலுக்கு அடியில் புதைந்து போனது.

இன்னும் பின்னால் போனால் கோவை. 1997 நவம்பர் 29ஆம் தேதி, போக்குவரத்துச் சோதனையை ஒட்டி எழுந்த ஒரு தகராறின் தொடர்ச்சியாகக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அது பச்சைப் படுகொலை. அதை எந்த வார்த்தையாலும் நியாயப்படுத்த முடியாது. அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டார்கள். அதுவும் படுகொலை. மறு ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி குண்டு வெடிப்புகள், 58 உயிர்கள். ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தியதில் ஆரம்பித்தது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். அதன் தழும்பை இந்தச் சமுதாயம் இன்றும் சுமக்கிறது.

"நம் செட்டிநாட்டிலேயே தேவகோட்டையில் 1942 ஆகஸ்ட்டில் மக்கள் நீதிமன்றத்தைக் கொளுத்தவில்லையா? திருவாடானைச் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை மீட்கவில்லையா? அவர்கள் தியாகிகள் இல்லையா?" என்று ஓர் இளைஞர் கேட்கலாம். தியாகிகள்தான். போலீஸ் துப்பாக்கிக்கு இரையான அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தம்பி, அன்று ஓட்டுரிமை எல்லோருக்கும் கிடையாது. நீதிபதியைக் கேள்வி கேட்க அரசியல் சட்டம் கிடையாது. அன்று எரிந்தது அந்நியனின் கோர்ட். அந்தத் தியாகத்தால்தான் இன்று கோர்ட் நமக்குச் சொந்தம். மடப்புரத்து ஏழைத் தாய்க்காகக் கேள்வி கேட்டது அந்தக் கோர்ட்தான்.

மூன்று நாளில் மாறியது எப்படி?

மடப்புரத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு பஸ்ஸும் எரியவில்லை. ஊர்மக்கள் திரண்டார்கள், உட்கார்ந்தார்கள், நியாயம் கேட்டார்கள். கோயில் வளாகத்தில் மறைவாக நின்ற ஒருவர், அந்த இளைஞர் அடிக்கப்படும் காட்சியைக் கைப்பேசியில் எடுத்திருந்தார். சில நொடிகள்தான். கை நடுங்கியிருக்கும். பிடிபட்டால் தனக்கும் அதே கதி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எடுத்தார். அதை நீதிமன்றத்தில் நீதிபதிகள் பார்த்தார்கள். வலிப்புக் கதை அங்கேயே செத்தது. ஜூன் 28இல் மரணம். ஜூலை 1ஆம் தேதிக்குள் ஐந்து காவலர்கள் கைது, நீதிமன்றத்தின் கேள்விகள், வழக்கு சி.பி.ஐ.க்கு மாற்றம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். முதலமைச்சர் அந்தத் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். 25 லட்சம் ரூபாய் வழங்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் மகனைத் திருப்பித் தராது என்பது உண்மை. ஆனால் ஒரு கல்கூட எறியாமல் நடந்தது இது.

சாத்தான்குளத்தில் வணிகர்கள் கடைகளை அடைத்தார்கள். ஆனால் வழக்கைத் திருப்பியது யார்? அதே காவல் நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. அன்றிரவு கேமராப் பதிவுகள் அழிந்து போயிருந்தன. அந்தச் சகோதரி மாஜிஸ்திரேட் முன் நின்று, இரவு முழுக்க அடித்தார்கள் என்று சொன்னார். அந்த ஒரு வாயால் ஒன்பது காவலர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற நேர்ந்தது. இந்தக் கூட்டத்தில் நிற்கும் காவல்துறை நண்பர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் துறையின் மானத்தைக் காப்பாற்றியது மேலதிகாரிகளின் அறிக்கை இல்லை, அந்தச் சகோதரியின் சாட்சி.

2020 மே 25ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். விசாரணையின்போது ஏற்பட்ட உடல்நலக் குறைவு என்றுதான் போலீஸின் முதல் அறிக்கையில் இருந்தது. டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அதுவே வரலாறாகியிருக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தப் போலீஸ்காரரைக் கொலைகாரர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கல்லெறிந்தால் வழக்கு நம் மேல் வரும். சாட்சி சொன்னால் வழக்கு அடித்தவர் மேல் போகும். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று நம் மார்க்கம் கற்பித்திருக்கிறது. அது நிக்காஹ் பதிவேட்டுக்கும் கடன் பத்திரத்துக்கும் மட்டும் சொன்னது இல்லை.

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே, முதலில் உங்களுக்கு. ஹெல்மெட் போடுங்கள். லைசென்ஸ் வையுங்கள். மூன்று பேர் ஒரு வண்டியில் ஏறாதீர்கள். நிறுத்தினால் நில்லுங்கள், ஓடாதீர்கள். ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால் கட்டிவிட்டு வாருங்கள். உயிர் அதைவிடப் பெரிது. வாய்ச்சண்டை வேண்டாம். ஆனால் ரசீது கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களுக்கு. ஒருவரை போலீஸ் கூட்டிப் போனார்கள் என்று செய்தி வந்தால், பஜ்ருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்காதீர்கள். அடி விழுவது முதல் இரவில்தான். அந்த இரவே ஒரு வழக்கறிஞரோடு இரண்டு பெரியவர்கள் நிலையத்துக்குப் போக வேண்டும். போய்ச் சத்தம் போட வேண்டாம். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, கைதா, விசாரணையா? ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், கைது அவசியமில்லாதபோது எழுத்து மூலம் அழைப்பாணை கொடுத்துத்தான் வரச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டத்தின் 35ஆவது பிரிவு. இரண்டு, கைது என்றால் கைதுக் குறிப்பு எங்கே? அதில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். டி.கே.பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் போட்ட கட்டளை இது. இன்று சட்டமாகவே இருக்கிறது. மூன்று, மருத்துவப் பரிசோதனை செய்தீர்களா? நான்கு, 24 மணி நேரத்துக்குள் எந்த மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப் போகிறீர்கள்?

இந்த நான்கு கேள்வியைக் கேட்க ஊரில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி லத்தி கீழே இறங்கிவிடும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். பக்கத்துத் தெருவில் கோயில் இருந்தால் அங்கேயும் எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர் போய் உதவி செய்யுங்கள்.

நிலையத்துக் கேமராவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஏதாவது நடந்தால், அந்தத் தேதியின் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று உடனே எழுத்தில் மனுக் கொடுங்கள். நாள் கடந்தால் பதிவு இருக்காது.

வியாபாரிகளே, உங்கள் கடைக் கேமராவில் சாலையில் நடந்த அடி பதிவாகியிருந்தால், "நமக்கேன் வம்பு" என்று அழிக்காதீர்கள். மூன்று பிரதி எடுத்து மூன்று பேரிடம் கொடுங்கள்.

அரசிடம் கேட்பது

அரசிடம் நாம் கேட்பது அதிகமில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. அதை ஏற்பளித்து நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. 2010இல் மக்களவை சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவைக்குப் போய் அது காலாவதியாகிவிட்டது. சட்ட ஆணையம் 2017இல் மறுபடி பரிந்துரைத்தது. இன்னும் சட்டம் இல்லை. சிவகங்கை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரிடமும் கட்சி பாராமல் இந்தக் கோரிக்கையைக் கையெழுத்திட்டுக் கொண்டு போவோம்.

மாநில அரசு, ஓடுகிற வாகனத்தைத் துரத்துவது பற்றி எழுத்து மூலமான விதியை வெளியிட வேண்டும். எந்தக் குற்றத்துக்குத் துரத்தலாம், எதற்கு நம்பரைக் குறித்தால் போதும், வண்டியை உதைப்பதும் லத்தியை வீசுவதும் என்ன குற்றம் என்று ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகை நம்மையும் காக்கும், காவலரையும் காக்கும். தெளிவான விதி இல்லாத இடத்தில், மேலதிகாரியின் கோபத்துக்காக அடித்துவிட்டு கடைசியில் தனியாக ஜெயிலுக்குப் போகிறவன் ஒரு ஏழை வீட்டுக் கான்ஸ்டபிள்தான்.

சகோதரர்களே, மடப்புரத்தில் ஒரு தாய் மகனை இழந்திருக்கிறாள். அவள் வணங்கும் முறை வேறு, நாம் தொழும் முறை வேறு. அவள் கண்ணீரின் உப்பு வேறில்லை. ஹிஷாம் (ரலி) ஷாமின் வெயிலில் நின்ற அந்தக் குடியானவர்களைக் கடந்து போயிருந்தால், அந்த நாளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நாமும் கடந்து போகாமல் இருப்போம்.

அநீதியைக் கண்டால் தடுக்கும் துணிவையும், கோபத்தை அடக்கும் பொறுமையையும், உண்மையைச் சொல்லும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.